புல்லில் பிறந்து குளம்பில் முடியும் சர்க்கரை

இந்தக் கதையின் நாயகன் ஒரு சர்க்கரை. பெயர் ஃபிரக்டான். பிறப்பிடம், வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையோர மேய்ச்சல் நிலத்தில் ரைகிராஸ் என்ற புல்லின் அடித்தண்டு. சில நேரம் அதன் பயணம் முடியும் இடம், ஒரு மட்டக்குதிரையின் முன்னங்கால் குளம்பு. நடுவில் ஒரு மரக்கதவு இருக்கிறது. குளிர்காலம் முழுக்கக் காய்ந்த புல்லைத் தின்றுகொண்டு லாயத்திலும் சேறான முற்றத்திலும் நின்ற குதிரைகள், அந்தக் கதவு திறந்ததும் கோடை மேய்ச்சலுக்குப் போகும். கதவை எந்த நாளில் திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதைப் பொறுத்துத்தான் குதிரை ஓடுவதும் படுப்பதும்.

குதிரை பழகாதவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். புல் தின்னவே பிறந்த விலங்கு, புல்லைத் தின்று நொண்டியாகுமா? ஆகும். பிரிட்டன் முழுக்க ஒவ்வொரு வசந்தத்திலும் ஆகிக்கொண்டிருக்கிறது. நோயின் பெயர் லாமினைடிஸ். குளம்பின் உள்ளே எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் திசு நெகிழ்ந்து பிய்ந்துபோகும் நோய். முற்றிவிட்டால் கருணைக்கொலைதான். 1973ல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட் என்ற புகழ்பெற்ற குதிரை, 1989 அக்டோபரில் தன் 19வது வயதில் கென்டக்கியில் இதே நோயால்தான் உயிரை விட்டது. இந்த நோய்க்குக் காரணங்கள் பல. அவற்றில் மனிதன் தன் கையாலேயே திறந்துவிடும் காரணம் வசந்தகாலப் புல்.

சர்க்கரையின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். வெயில் பட்டதும் புல்லின் இலை, கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு எளிய சர்க்கரைகளைச் செய்கிறது. அவற்றிலிருந்து நாம் காப்பியில் போடும் அதே சுக்ரோஸ் உருவாகிறது. பகலில் வரவு. இரவில் அதைச் செலவழித்துப் புல் வளரும். வரவும் செலவும் ஒத்துப்போகும் வரை தொல்லை இல்லை. ஏப்ரலில்தான் கணக்கு தப்புகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் புல்லின் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் உறைபனி விழுந்த இரவுக்கு மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தால், சர்க்கரை உற்பத்தி நிற்காது. செலவுக்கு வழியில்லாத அந்த வரவைப் புல் சேமித்து வைக்கிறது. சுக்ரோஸோடு ஃபிரக்டோஸ் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துச் சங்கிலியாக்கி, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் அடைக்கிறது. அந்தச் சங்கிலிதான் ஃபிரக்டான்.

புல்லின் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. குளிரில் செல்சவ்வு கிழியாமல் காப்பது இது. மாடோ ஆடோ மேலே கடித்துப் போனாலும், அடித்தண்டில் இருக்கும் இந்தக் கையிருப்பை எடுத்துத்தான் புல் மறுபடி தளிர் விடும். அதனால்தான் ஃபிரக்டானில் பெரும்பங்கு மண்ணையொட்டிய தண்டில் கிடக்கிறது. சாதகமான ஒரு நாளில் ரைகிராஸின் உலர் எடையில் 40 விழுக்காடு வரைகூட எல்லாச் சர்க்கரைகளும் சேர்ந்து இருக்கக்கூடும். கைநிறையப் பறித்த புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் கொஞ்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வரை சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூர் அருகம்புல்லில் இந்தச் சரக்கு கிடையாது. வெப்பநாட்டுப் புற்கள் மிச்சத்தை மாவுச்சத்தாக இலையிலேயே வைத்துக்கொள்கின்றன. இலை நிறைந்ததும் உற்பத்தி தானாகக் குறைந்துவிடும். குளிர்நாட்டுப் புற்களுக்கு அப்படியொரு கடிவாளம் இல்லை. சேமிக்கச் சேமிக்க இடம் உண்டு.

இங்கே மனிதனும் தன் பங்குக்குக் கை வைத்திருக்கிறான். வேல்ஸின் கடற்கரை ஊரான அபெரிஸ்ட்வித்தில் 1919ல் ஜார்ஜ் ஸ்டேபிள்டன் தலைமையில் பயிர்ப்பெருக்க நிலையம் ஒன்று தொடங்கியது. இன்று அது அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. உலகின் பல நாடுகளில் விதைக்கப்படும் 'உயர் சர்க்கரை' ரைகிராஸ் வகைகள் அங்கே உருவானவை. நோக்கம் தெளிவானது. பசுவின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால், புல்லிலுள்ள நைட்ரஜனை அவை வீணாக்காமல் புரதமாக மாற்றும். பால் கூடும், சிறுநீரில் போகும் நைட்ரஜன் குறையும். பசுவுக்கு இது அருமையான புல். அந்த ஆராய்ச்சியில் நான் குறை காண மாட்டேன். ஆனால் பால்பண்ணைக்கு விதைத்த நிலத்தைப் பண்ணை மூடியபின் குதிரைக்காரர் வாடகைக்கு எடுக்கிறார். புல் அதே புல். தின்னும் வயிறு வேறு.

தின்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வேல்ஸ் மலை மட்டக்குதிரை தோள் வரை 122 சென்டிமீட்டருக்கு மேல் போகாத சிறிய உருவம். நூற்றாண்டுகளாகச் சரளைக்கல் சரிவிலும் சதுப்பிலும் புதர் நடுவிலும் கிடைத்ததைக் கடித்து வாழ்ந்த இனம். வடக்கே கர்னெத்தாய் மலைகளில் அவற்றின் உறவினர் இன்றும் ஆண்டு முழுக்கத் திறந்த வெளியில், யாரும் தீனி போடாமல் திரிகின்றன. பனிக்காலத்தில் அவை மெலியும், விலா தெரியும். வசந்தத்தில் அந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும். கிடைக்கும்போது தின்று சேர்த்துவை என்பதுதான் அந்த உடம்புக்குத் தெரிந்த ஒரே விதி.

பழைய வேல்ஸ் கிராமங்களில் குடும்பங்களுக்கு இரண்டு வீடு உண்டு. பள்ளத்தாக்கில் குளிர்கால வீடு, ஹென்ட்ரே. மலைமேல் கோடை வீடு, ஹாவோட். மே மாதத் தொடக்கத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே போவார்கள். இலையுதிர் காலம் முடியும் தறுவாயில் கீழே இறங்குவார்கள். கோடை மேய்ச்சல் என்றாலே மலையேற்றம். மேலே ஏறஏற புல் வளம் குறைந்தது, நார் மிகுந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. இன்றைய மட்டக்குதிரைக்கு நடப்பது நேர் எதிர். குளிர்காலத்தில் முதுகில் போர்வை, வேளாவேளைக்குத் தீனி. எனவே மெலிவதே இல்லை. கோடை வந்ததும் அது போவது மலைக்கல்ல, லாயத்தை ஒட்டிய உரமிட்ட பால்பண்ணைப் புல்வெளிக்கு. தூரம் பத்தடி. உடம்புக்கு அது ஒரு கண்டம் தாண்டிய பயணம்.

கதவு திறக்கிறது. குதிரை தலையைக் கவிழ்க்கிறது; அடுத்த சில மணி நேரம் நிமிராது. மேல் உதட்டால் புல்லை ஒதுக்கி, முன்பற்களால் மண்ணோரம் வரை நறுக்கும். மாடு நாக்கால் சுருட்டிப் பிடுங்குவதால் கொஞ்சம் தண்டை விட்டுவைக்கும். குதிரை விடாது, சர்க்கரை குவிந்திருக்கும் அடித்தண்டு வரை அதன் பற்கள் போகும். நேரம் குறைவு என்று அதற்குத் தெரிந்துவிட்டால் வேகமும் கூடும். தினமும் மூன்று மணி நேரம் மட்டும் மேயவிட்ட மட்டக்குதிரைகள், அந்த மூன்று மணி நேரத்திலேயே நாள் தீனியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தின்று முடித்ததை வேல்ஸில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 'கொஞ்ச நேரந்தானே விட்டோம்' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இனி வயிற்றுக்குள். குதிரையின் இரைப்பை அந்த உடம்புக்கு மிகச் சிறியது. பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் போயாக வேண்டும். இருபது மீட்டரைத் தாண்டும் சிறுகுடலில் நம் பயணியின் உறவினர்கள் பலர் இறங்கிவிடுகிறார்கள். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் ஆகிய எளிய சர்க்கரைகள் இங்கேயே இரத்தத்தில் கலந்துவிடும். அவற்றைச் சமாளிக்கக் கணையம் இன்சுலினைச் சுரக்கும். ஃபிரக்டான் இறங்குவதில்லை. அதன் கண்ணிகளை அறுக்கும் நொதி குதிரையிடம் இல்லை, நம்மிடமும் இல்லை. எனவே அதில் பெரும்பகுதி அப்படியே அடுத்த நிலையத்துக்குப் போகிறது.

அந்த நிலையம் சீக்கம் என்ற பெரும் பையும், அதைத் தொடர்ந்த பெருங்குடலும். பெரிய குதிரையில் இரண்டும் சேர்ந்தால் நூறு லிட்டருக்குக் குறையாது. கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து, குதிரையால் செரிக்க முடியாத நாரை நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. புல் மட்டும் தின்னும் குதிரைக்குத் தேவையான சக்தியில் பெரும்பங்கு இவர்கள் கொடுப்பதுதான். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த புல்லின் நாரைச் செரித்துப் பழகிய கூட்டம் இது. திடீரென்று ஒரு நாள் சர்க்கரை வெள்ளம் வந்தால், நாரைச் செரிப்பவர்கள் திணறுவார்கள். சர்க்கரையை விழுங்கி லாக்டிக் அமிலம் கக்கும் கூட்டம் சில மணி நேரத்தில் பெருகிவிடும். அமிலம் ஏறஏற நாரைச் செரிப்பவை சாகும். குடலின் உள்சுவர் பழுதாகும். வெளியே போகக்கூடாத நச்சுப்பொருள்கள் இரத்தத்தில் கசியும். வயிற்றோட்டம், வயிற்றுவலி, அதற்கு ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் கழித்து நொண்டல்.

இந்த வழியைத் தெளிவாகக் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ வான் எப்ஸ், கிறிஸ் பாலிட் இருவரும். 2006ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஃபிரக்டான் வகைச் சர்க்கரையைக் குழாய் வழியே நேராக வயிற்றில் செலுத்தி லாமினைடிஸை வரவழைத்தார்கள். அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 10 கிராம். அதாவது 500 கிலோ குதிரைக்கு ஒரே தடவையில் 5 கிலோ. மேய்ச்சலில் எந்தக் குதிரையும் அவ்வளவை ஒரே மூச்சில் விழுங்காது. நாள் முழுக்கப் பரவித்தான் போகும். இந்த உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

மறு ஆண்டே வேறொரு வழி திறந்தது. 2007ல் கேத்தரின் ஆஸ்பிளின் குழு வெளியிட்ட ஆய்வில், இளம் வயதுள்ள, பருமனில்லாத, நோயற்ற மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றினார்கள். இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் கூடவே குளுக்கோஸும் கொடுத்தார்கள். குடலில் கோளாறு இல்லை, அமிலம் இல்லை, நச்சு இல்லை. மூன்று நாளுக்குள் இன்சுலின் ஏறிய ஒவ்வொரு மட்டக்குதிரைக்கும் நான்கு கால்களிலும் லாமினைடிஸ். இன்சுலினை எகிறவைப்பவை, சிறுகுடலிலேயே இறங்கிவிட்ட அந்த எளிய சர்க்கரைகள்தான்; அதுவரை அவற்றின் மேல் சந்தேகம் அவ்வளவாக விழவில்லை.

இன்று மேய்ச்சல் நிலத்தில் வரும் லாமினைடிஸில் பெரும்பாலானவற்றுக்கு இன்சுலின் வழிதான் காரணம் என்பது மருத்துவர்களின் பொதுக்கருத்து. மட்டக்குதிரைகளில் பலவற்றுக்குக் கொஞ்சம் சர்க்கரை போனாலே இன்சுலின் எகிறும். கழுத்து மேட்டில் கொழுப்பு திரண்டு கெட்டியாக நிற்பது அதன் வெளி அடையாளம். வயதான குதிரைகளில் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போனாலும் இதே நிலை வரும். நம் நாயகன் ஃபிரக்டான் முழுக்க நிரபராதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் தனியாகப் போவதில்லை. கூடப் போகும் எளிய சர்க்கரைகள் முன்னால் இறங்கி அடிக்கின்றன.

குளம்புக்கு வந்துவிட்டோம். குளம்பின் கடினமான சுவருக்குள்ளே ஆப்பு வடிவில் ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. குதிரையின் பாரம் முழுவதும் கடைசியில் நான்கு கால்களிலும் உள்ள இந்த எலும்புகளின் மேல்தான் விழுகிறது. அந்த எலும்பு அடிப்பாகத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. குளம்புச் சுவரின் உட்புறத்திலிருந்து தொங்குகிறது. எலும்பைப் போர்த்திய திசுவிலும் சுவரின் உட்புறத்திலும் ஏறத்தாழ 550 முதல் 600 மெல்லிய மடிப்புகள் உண்டு. இரண்டு சீப்புகளைப் பல்லுக்குப் பல் கோத்தது போல அவை ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கு மேல் நுண்மடிப்புகள். விரித்துப் பார்த்தால் ஒரு குளம்புக்குள் ஒரு சதுர மீட்டரை நெருங்கும் பரப்பு. இந்தப் பிடிப்புதான் குதிரையைத் தாங்குகிறது.

லாமினைடிஸில் நீண்டு நெகிழ்வது இந்த மடிப்புகளின் செல்கள். பிடி தளர்ந்ததும் மேலிருந்து உடல் எடை அழுத்தும். பின்புறம் ஒட்டியிருக்கும் வலுவான தசைநாண் எலும்பைப் பின்னோக்கி இழுக்கும். எலும்பின் முனை கீழே திரும்பி உள்ளங்காலைக் குத்தத் தொடங்கும். குளம்புச் சுவரோ கெட்டியானது. உள்ளே வீங்க இடம் கிடையாது. அந்த வலியைக் குதிரையின் நிற்பிலேயே பார்க்கலாம். முன்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகால் மேல் நிற்கும். திருப்பினால் தயங்கும். கல்தரையில் ஓரடி வைக்க யோசிக்கும். குளம்பு சூடாக இருக்கும். கணுக்காலுக்குக் கீழே விரல் வைத்தால் நாடி திம்திம் என்று அடிக்கும். 'நடக்கவிட்டால் சரியாகிவிடும்' என்பது பழைய நம்பிக்கை. அது பிடியை மேலும் கிழிக்கும். அசைக்காமல், மெத்தென்ற படுக்கையில் நிறுத்தி, கால்நடை மருத்துவரை அழைப்பதுதான் முதல் வேலை. குளம்பைத் தொடர்ந்து பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்தால் சேதம் குறையும் என்பதையும் குவின்ஸ்லாந்து ஆய்வாளர்கள்தான் காட்டினார்கள்.

கதவுக்குத் திரும்புவோம். நுண்ணுயிர்க் கூட்டம் புதுத்தீனிக்குப் பழக இரண்டு மூன்று வாரமாகும். எனவே அனுபவசாலிகள் முதல் நாள் பதினைந்து இருபது நிமிடம்தான் மேயவிடுவார்கள். நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். வெறும் வயிற்றோடு விடுவதில்லை. வயிறு நிறையக் காய்ந்த புல்லைத் தின்னவிட்டுத்தான் கதவருகே கொண்டுவருவார்கள். காய்ந்த புல்லிலும் சர்க்கரை உண்டு. எளிதில் நோய் வரும் குதிரைக்கு அதைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, கரைந்த நீரைக் கொட்டிவிட்டுப் போடுவது வழக்கம்.

நேரம் முக்கியம். பின்மாலைப் புல்லில் சர்க்கரை உச்சத்தில் இருக்கும், விடியற்காலையில் குறைவு. ஆனால் இரவில் உறைபனி விழுந்திருந்தால் காலைக் கணக்கு பொய்த்துவிடும். அன்றைக்குக் கதவு மூடியே இருக்கட்டும். ஒட்ட மேய்ந்த நிலத்தில் புல்லே இல்லையே, ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. பச்சைத் தரிசு போலத் தெரியும் அந்த ஓரங்குல அடித்தண்டில்தான் சர்க்கரை செறிந்திருக்கிறது. புல் ஒரு சாண் வளர்ந்த பிறகு மேயவிடுவதே நல்லது.

போர் அடிக்கும் மாட்டுக்கு நம் ஊரில் வாய்க்கூடை கட்டுவார்கள் அல்லவா, அது பிரிட்டனில் மட்டக்குதிரையின் வாய்க்கும் வந்திருக்கிறது. அடியில் ஒரு சிறு துளை. புல்நுனி மட்டும் வாய்க்கு எட்டும், தண்ணீர் குடிக்கலாம். தின்னும் அளவை ஐந்தில் நான்கு பங்கு வரை இது குறைப்பதாக அளந்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் 'பாவம்' என்பார்கள். குளம்பில் எலும்பு திரும்பிய ஒரு குதிரையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

வசந்த மேய்ச்சலில் வேறு ஆபத்துகளும் உண்டு. சிகமோர் மரத்து நாற்றுகள் புல்லோடு முளைத்திருந்தால் அவற்றிலுள்ள நஞ்சு தசையைக் கெடுத்து இரண்டு மூன்று நாளில் குதிரையைக் கொல்லும்; மேயவிடும் முன் நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட வேண்டும். வேலியும் தண்ணீர்த் தொட்டியும் குடற்புழு மருந்தும் எல்லாருக்கும் தெரிந்தவை.

தப்பிப் பிழைத்த குதிரையின் குளம்பில் சர்க்கரை தன் வருகையைப் பதிந்துவிட்டுத்தான் போகிறது. குளம்புச் சுவரைச் சுற்றி வளையங்கள் ஓடும். முன்பக்கம் நெருங்கி, குதிகால் பக்கம் அகன்று விரியும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. மேல்விளிம்பில் தோன்றிய வளையம் நுனிக்கு இறங்க ஓர் ஆண்டு வரை ஆகும். லாடம் அடிப்பவர் காலைத் தூக்கிப் பார்த்ததும், சென்ற ஏப்ரலில் கதவை யார் அவசரப்பட்டுத் திறந்தார்கள் என்று கேட்க முடியும்.

ஒருமுறை இந்த நோய் வந்த குதிரைக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட குதிரையை அடுத்த வசந்தத்தில் புதுப்புல்லில் விடாதீர்கள். இரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு என்று மருத்துவரிடம் சோதித்த பிறகு கோடை மேய்ச்சலைப் பற்றிப் பேசலாம்.